நடிப்புக் கல்வியும் கம்பம் பள்ளத்தாக்கின் மேடையும்

நடிப்பைப் பட்டப் படிப்பாகக் கற்பித்தல் இயலுமோ என ஐயுறுவார் உளர். இயலும் என்பதே எம் கருத்து. எதனைக் கற்பிப்பது என்பதில்தான் யாம் வேறுபடுகிறோம்.

1962-இல் தேனித் தொகுதி சட்டமன்றத்திற்கு அனுப்பிய எஸ். எஸ். இராசேந்திரனுக்கு டி. கே. எஸ். சகோதரர்தம் நாடகக் குழுவே கல்லூரி. அச்சகோதரரோ 1918-இல் மதுரையில் தோன்றிய சங்கரதாச சுவாமிகளின் பாலர் சபையில் பயின்றோர். சிறுவரைப் பெற்றோரினின்று பிரித்து வளர்த்த அம்முறை மறைந்தது நன்றே. அதனை மீட்குமாறு யாம் கூறவில்லை.

மறையாதது ஒன்றுண்டு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரத் திருவிழா இரவுகளில் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமாக இன்றும் நடைபெறுகிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே கூடுகின்றனர். நாரதரும் வள்ளியும் தருக்கம் புரியுங்கால் ஒருவர் தொடுக்கும் வினாவை மற்றவர் முன்னர் அறியார். பாட்டாகவோ வசனமாகவோ விடை அக்கணமே எழுதல் வேண்டும். தடுமாறினால் விடியும்வரை அமர்ந்திருக்கும் அவையோர் பொறார். இதனினும் கடிய செய்முறைத் தேர்வு எப்பட்டத்திற்கு உண்டு? ஓராண்டு மனனம் செய்து ஒருநாள் நடித்துக் காட்டும் மாணவனுக்கு இவ்விரைவு கைவருதல் அரிது.

1977-இல் அண்மையிலுள்ள காந்திகிராமத்தில் சே. இராமானுசம் நடத்திய பயிற்சிப் பட்டறை நாடகக் கல்விக்கு வழிகோலியது. புதுவைப் பல்கலைக் கழகத்து நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயர் வந்தவிடத்துத் தருக்கமும் பாடமாதல் வேண்டும். அதனைக் கற்பிக்க வல்லார் பட்டம் பெறாதார். துறை அனுபவமுடையாரைப் பட்டமின்றியும் பேராசிரியராக அமர்த்த 2022-இல் பல்கலைக் கழக மானியக் குழு நெறி வகுத்துள்ளது. அவ்விருக்கையில் இப்பள்ளத்தாக்கின் மேடைகளில் முதிர்ந்த ராஜபார்ட் ஒருவரை அமர்த்துதல் தகும்.