உளவகை நூலும் அதனைக் கற்கும் முறையும்

தம்மைத் தாம் அறிதல் வேண்டுமென்னும் விழைவு மக்கட்கு இயல்பாக உள்ளது. அவ்விழைவு பற்றி நூல்களை நாடுதலுங் குற்றமாகாது. ஆயினும், மருத்துவ நூலைத் தானே புரட்டும் ஒருவன் அதன்கட் சொல்லப்பட்ட பிணிகள் பலவுந் தன்பால் உளவெனக் கண்டு அஞ்சுதல்போல, மக்களியல்பை வகைப்படுத்திக் கூறும் உளநூலைக் கற்பானும் அதன்கட் சொல்லப்பட்ட சிறப்புக்கள் பலவுந் தன்பால் உளவெனக் கண்டு மகிழ்கின்றான். முன்னையோன் அச்சத்தை மருத்துவன் ஒருவன் தீர்த்துவிடுவான். பின்னையோன் மகிழ்ச்சியைத் தீர்ப்பார் எளிதிற் கிடையார். அம்மகிழ்ச்சி தன்னையறிதல் ஆகுமா, அன்றித் தன்னை மறைத்தலாய் முடியுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்கு, சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவராகிய கார்ல் குஸ்தாவ் யூங் என்பார் 1921-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘உளவகைகள்’ என்னும் நூலை எடுத்துக்கொள்ளுதல் தகும். அது 1923-இல் பெயின்ஸ் என்பவரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. இந்நாளில் வழங்கும் இவ்வகை நூல்கள் பலவற்றுக்கும் மூலமாய் நிற்பது அதுவே.

நூல் எழுந்த காரணம் அறியத்தக்கது. யூங், வியன்னா நகரத்துச் சிக்மண்டு பிராய்டு என்பாரோடு சில ஆண்டுகள் ஒன்றி உழைத்து, 1913-இல் அவரைப் பிரிந்தார். அதற்கு முன்னரே, 1911-இல், ஆல்பிரட் அட்லர் என்பாரும் பிராய்டைப் பிரிந்திருந்தார். ஒத்த இயல்பினராகிய நோயாளரைக் கண்டும், நோய்க்கு மூலம் காமவேட்கை என்றார் பிராய்டு. பிறரின் மேம்படும் வேட்கையே மூலம் என்றார் அட்லர். இருவருங் கூரிய அறிவினர்; இருவரும் தாங் கண்டதனையே கூறினர். அங்ஙனமாயின் வேற்றுமை எங்குளது? காணப்படு பொருளின்கண் மட்டுமன்றிக் காண்பார்மாட்டும் அஃது உளதாதல் வேண்டும் என யூங் துணிந்தார். அக்கருத்தினை 1913-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மியூனிக் நகரில் நிகழ்ந்த உளப்பகுப்பு மாநாட்டிற் சொற்பொழிவாக முதலில் வெளியிட்டு, எட்டாண்டு கழித்து நூலாக விரித்தார். காண்பான் தன் காட்சியில் தானுங் கலந்து நிற்கின்றான் என்னும் இவ்வுணர்ச்சியே இந்நூலின் உயிர் எனலாம்.

நூலின் கொள்கை சுருக்கமாக வருமாறு. உள்ளத்தின் நோக்கு இருவகைப்படும். புறப்பொருளின் வழியே செல்வது புறநோக்கு. புறப்பொருளினின்றும் மீண்டு தன்னிடத்தே நிலைகொள்வது அகநோக்கு. உள்ளத்தின் தொழில் நான்கு: சிந்தனை, மதிப்புணர்வு, புலனுணர்வு, உள்ளுணர்வு என்பன. இவற்றுள் முன்னிரண்டும் தீர்ப்புக் கூறுவன. பின்னிரண்டும் தீர்ப்பின்றிப் பொருளை ஏற்பன. நோக்கு இரண்டனோடுந் தொழில் நான்கினையும் உறழ மக்கள் எண்வகையினர் ஆவர். இனி, ஒரு தொழில் வல்லதாய் வளருங்கால் அதற்கு மறுதலையாயது வளராது நனவிலி மனத்தில் ஆழ்ந்துகிடக்கும். சிந்தனையையே தொழிலாகக் கொண்டான்மாட்டு மதிப்புணர்வு குழவிப் பருவத்திலேயே நின்றுவிட்டு, ஒருநாள் அவன் அறியாமலே எழுந்து அவனை அலைக்கும். ஆதலின் ஒருவனது வகை என்பது அவனுடைய வலிமைக்குப் பெயராதலோடு, அவனுடைய குறைக்கும் பெயராகின்றது. இப்பிற்பாதியை மறந்து கற்பாரே பலர்.

அங்ஙனம் மறத்தற்குக் கற்பார் கைக்கொள்ளும் முறையும் காரணமாகும். நூல் பதினோரு இயல்களை உடையது. எண்வகையினரின் இலக்கணத்தைத் தொகுத்துக் கூறுவது பத்தாம் இயல். முன்னுள்ள ஒன்பதும் பழைய கிறித்தவ ஆசிரியர், ஷில்லர், நீட்சே, ஸ்பிட்டெலர், வில்லியம் ஜேம்ஸ் முதலியோர் கருத்துக்களை ஆராய்வன. கற்பாரிற் பெரும்பாலார் இவற்றைத் தள்ளிப் பத்தாவதைத் திறந்து, தம் பெயரையும் தம் சுற்றத்தார் பெயரையும் ஆண்டுத் தேடுகின்றனர். இதனை யூங் அறியாதவர் அல்லர். நூலின் அர்ஜென்டைனப் பதிப்புக்கு 1934-இல் எழுதிய முன்னுரையில், பத்தாம் இயலே நூலின் கருத்தெனக் கொள்வது பெரும் பிழையென்றும், கண்டவுடன் மக்கள்மேற் பெயர்ச்சீட்டு ஒட்டுவது சிறுவர் விளையாட்டே என்றும் அவர் கடிந்துரைத்தார். நூலாசிரியரே விலக்கியதனை நூலின் பயனெனக் கொள்வார்க்கு நூல் என்ன செய்யும்?

தள்ளப்பட்ட இயல்களுள் முதலாவதனை மட்டும் ஈண்டு நோக்குவோம். அதன்கண் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், அலெக்சாந்திரியா நகரத்து ஓரிகன் என்னும் பழைய கிறித்தவ ஆசிரியர் இருவர் ஒப்பிடப்படுகின்றனர். தெர்த்துல்லியன் கூர்த்த மதியினர், சொற்போரில் ஒப்பற்றவர், அவரை அகநோக்கினர் என்பர் யூங். அவர் தம் சமயத்தின்பொருட்டுப் பலியிட்டது அம்மதியையே. ஓரிகன் புறப்பொருளின்கட் பற்றுடைய புறநோக்கினர். அவர் தம் உடலின் ஆண்மையையே அறுத்தெறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. யூசேபியஸ் கூறிய இச்செய்தியை ஐயுறும் ஆராய்ச்சியாளர் பலர் உளர். யூங் அவ்வையத்துக்கு உரிய இடந் தந்தாரல்லர். அஃதொரு குறையே. எனினும் அவர் காட்டிய நுட்பம் போற்றத்தக்கது: இருவருந் தத்தமக்கு எளியதனை விட்டாரல்லர், தத்தமக்கு மிக்கதாய் நின்றதனையே விட்டனர். விட்டபின் இருவர் வாழ்க்கையும் முன்னிருந்த வழியினின்றுந் திரும்பிற்று. அவ்விழப்பினால் நேர்ந்த கேட்டையும் யூங் மறைத்தாரல்லர். இவ்வியலைக் கற்றான் ஒருவன் தன் வகையைத் தன் வீடெனக் கருதி அதன்கட் குடியிருக்க நாணுவான்.

இனி இந்நூலின் குற்றங்களும் உரைக்கப்படும். முதலாவது, இது ஏறக்குறைய இருபதாண்டு மருத்துவப் பயிற்சியின் பயனென்று முன்னுரை கூறினும், எத்துணையரை ஆராய்ந்து எத்துணையர் எவ்வகையிற் பட்டனர் என்னும் கணக்கு நூலில் இல்லை. மதிப்புணர்வு வகையினரைப் பெரும்பாலும் பெண்டிரிடத்தும், சிந்தனை வகையினரைப் பெரும்பாலும் ஆடவரிடத்துங் கண்டதாக யூங் எழுதுகின்றார். அக்காலத்து வழக்கம் இருபாலாரையும் எவ்வாறு வளர்த்தது என்பதனை வேண்டுமளவு வினவினாரல்லர். இரண்டாவது, ஒருவன் தன் வகைக்கேற்ப ஒழுகின் அது கொள்கைக்குச் சான்று. மாறாக ஒழுகின், ‘நனவிலியில் ஆழ்ந்தது எழுந்தது’ எனக் கூறப்பட்டு அதுவுஞ் சான்றாகின்றது. எவ்வாறு ஒழுகினும் பொய்யாகாத கொள்கை எதனாலும் மெய்ப்பிக்கப்பட்டதும் ஆகாது.

இக்குற்றம் பிற்கால நூல்களிற் பெருகிற்று. பெர்ட்ரம் போரர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1948-இல் தம் மாணாக்கர் முப்பத்தொன்பதின்மர்க்கு ஓர் உளத்தேர்வு நடத்திச் சில நாட் கழித்து ஒவ்வொருவர்க்கும் அவரவர் இயல்பை விளக்கும் குறிப்பெனச் சொல்லி ஓர் ஏடு அளித்தார். அது தம்மியல்போடு எத்துணைப் பொருந்துகின்றதென ஐந்துக்கு மதிப்பெண் இடுமாறு கேட்க, அவர் இட்டவற்றின் சராசரி நான்குக்கு மேற்பட்டது. பின்னரே, அனைவர்க்கும் அளிக்கப்பட்டது ஒரே குறிப்பென்பதும், அது கடையில் விற்கும் சோதிட நூலினின்றுந் தொகுத்ததென்பதும் அவர்க்குத் தெரியவந்தன. அளவை நூல் கற்றார்க்கு இப்பிழை புதிதன்று. சாதிக்கப்படும் பக்கத்திலேயன்றி அதற்கு மாறாகிய பக்கத்திலுஞ் செல்லும் ஏது, சாதாரணம் என்னும் அனைகாந்திகமாம். ‘சிலகால் பலரோடு கலந்து மகிழ்வாய், சிலகால் தனிமையை விரும்புவாய்’ என்பது எவர்க்கும் பொருந்தும். ஆதலின் ஒருவரையுஞ் சுட்டாது.

யூங்கின் நூலைக் கற்று அதனை வினாத்தாளாக மாற்றியவர் அமெரிக்க நாட்டுக் கேத்தரின் பிரிக்ஸ் என்பாரும் அவர்தம் மகளார் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்பாரும் ஆவர். இருவரும் உளநூற் கல்வி முறையே பெற்றவரல்லர். யூங் வகுத்த எட்டு, அவர் கையிற் பதினாறு ஆயிற்று. அவ்வினாத்தாள் 1962-இற் கல்வித் தேர்வு நிறுவனம் ஒன்றன் வாயிலாக வெளிவந்தபின், தொழிலகங்களிலும் கல்லூரிகளிலும் பரந்தது. சில வாரங்கழித்து மீண்டும் விடையிறுப்பாரிற் பலர் வேறு வகையினராக வெளிப்படுதலை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அகநோக்கும் புறநோக்கும் அளக்கப்படுங்கால் மக்கள் இரு கூட்டமாகப் பிரியாது, நடுவிலேயே மிக்கு நிற்கின்றனர் என்பதும் அவர் கண்டது. நடுவே நிற்பானைக் கோடு கிழித்து ஒருபுறந் தள்ளிப் பெயரிடுவது அவனை அறிதலாகாது. அப்பெயர் கொண்டு அவனுக்குத் தொழில் தருதலும் மறுத்தலும் அறமாகா.

சைவ நூற் பயிற்சி உடையார் சிறப்பாகக் கவனிக்கற்பாலது ஐந்தாம் இயல். அதன்கண் யூங் உபநிடதம், கீதை, யோகசூத்திரம் முதலியவற்றை எடுத்து, இன்பதுன்பம் முதலிய இருமைகளினின்றும் நீங்கிய நிலையை ஆராய்கின்றார். ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் அந்நூல்களை மதித்துக் கற்றமை மகிழ்தற்குரியது. ஆயினும், பிரமம் என்னும் கருத்துத் தாம் ‘லிபிடோ’ எனப் பெயரிட்ட உளவாற்றலோடு ஒக்கும் என்று அவர் முடிப்பது பொருந்தாது. உள்ளத்தின் நிகழ்ச்சியை மட்டுமே ஆராய்வதாகத் தமக்கு வரம்பு கட்டிக்கொண்டவர், உள்ளத்துக்கு அப்பாற்பட்டதாக அந்நூல்கள் கூறும் பொருளை உள்ளத்தின் ஆற்றலோடு ஒப்பென்றல் அவ்வரம்பைக் கடத்தலாம். மனம் முதலிய அந்தக்கரணங்கள் கருவி. அவற்றைக்கொண்டு அறியும் உயிர் வேறு என்பது சித்தாந்தம். யூங் வகுத்தவை கருவிகள் தொழிற்படும் வேறுபாடுகளே. அக்கருத்தளவில் அவை நன்கு பயன்படும். அவற்றையே ‘யான்’ எனக் கொள்வது, எழுதுகோலின் கூர்மையைக் கண்டு எழுதினவனை அறிந்தேன் என்றலை ஒக்கும்.

அற்றேல், இவ்வகை நூல்களைக் கல்லாதொழிதலே நன்றாமோ எனின், அற்றன்று. கற்கும் முறை திருந்துதல் வேண்டும். நூலைத் தொடக்கத்தினின்றுங் கற்று, பத்தாம் இயலை அதன் இடத்திலேயே கற்றல் வேண்டும். ஆண்டு, புகழ்ச்சியாய்த் தோன்றும் பகுதியை விரைந்து கடந்து, கற்பான் தனக்கு வெறுப்பூட்டும் வகையினரின் இயல்பு கூறும் பகுதியில் நிற்றல் வேண்டும். தன்பால் வளராது கிடப்பதன் உருவம் பெரும்பாலும் ஆண்டே காணப்படும். ஆராய்ச்சியையே பெரிதாக மதிப்பான், அன்பினால் உருகுவாரைக் கண்டு எள்ளுவானாயின், எள்ளலின் காரணத்தைத் தன்னிடத்தே தேடுவானாக. உருகுதலையே பெரிதாக மதிப்பான், நூலாராய்ச்சி வறட்டு வேலை என்பானாயின், அவனும் அங்ஙனமே தேடுவானாக.

மேலும், பிராய்டும் அட்லரும் ஒரே பொருளை இருவேறாகக் கண்டமைக்குக் காரணந் தேடியதே இந்நூலின் தோற்றம். ஆதலின் இதனைக் கற்றதன் பயன் பிறன் கண்ட காட்சிக்கு இடந்தருதலாகவே முடிதல் வேண்டும். ‘இவன் இவ்வகையினன், வேறு எவ்வாறு சொல்வான்!’ என்று பிறன் சொல்லைத் தள்ளுதற்கு ஒருவன் இந்நூலைக் கருவியாக்குவானாயின், அவன் கற்றது ஏட்டளவேயாம். மாறுபடுவார் இருவர் ஓரிடத்திருந்து, தாந்தாங் காணாது விட்டதனை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பாராயின், யூங் 1913-இற் கேட்ட வினாவுக்கு அவரே விடை கூறியவராவர்.