நாளுக்கு ஐந்து சொல்: கொழும்புத் தமிழரின் ஆங்கிலச் சொல்வளப் பயிற்சி

கொப்பியின் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதி, நாளுக்கு ஐந்து அல்லது பத்தாக மனனம் செய்யும் முறை, கொட்டாஞ்சேனை முதல் கல்கிசை வரையிலான தமிழ் மாணவருக்கும் வேலை தேடுவோருக்கும் நன்கு பழக்கமானதே. சூடாமணி நிகண்டை மனனம் செய்வித்த திண்ணைப் பள்ளி மரபில் வந்த சமூகத்துக்குச் சொல்லைத் தனியே கற்பது புதிதன்று. ஆயினும் நிகண்டு கற்ற மாணவன் அச்சொற்கள் பயின்ற செய்யுள்களையும் உடன் கற்றான் என்பதை மறக்கலாகாது.

பரந்த வாசிப்பே போதும், பட்டியல் வீண் என்போர் கொழும்புத் தமிழரின் மொழிச்சூழலைக் கணக்கில் எடுப்பதில்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது உண்மையே. எனினும் வீட்டில் தமிழும் பஸ்ஸில் சிங்களமும் பேசும் ஒருவர் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பாடநூலிலும் நேர்முகத் தேர்விலுமே எதிர்கொள்வதால், ஒரு சொல் தானாகத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது பட்டியல்தான்.

ஆனால் அது மீட்டலையும் உள்ளடக்க வேண்டும். கற்றது விரைவில் மறக்கும் என்பதையும், இடைவெளி விட்டு மீட்டால் நிலைக்கும் என்பதையும் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டினார். நாள்தோறும் புதிய சொற்களை மட்டுமே சேர்த்துப் பழைய பக்கங்களைப் புரட்டாத கொப்பி தடித்துக்கொண்டே போகும். நினைவில் தங்குவதோ சொற்பமே.

இதனினும் பெரிய குறை எச்சொற்களைத் தேர்வது என்பதில் உள்ளது. நாவலையோ செய்தித்தாளையோ பிறர் உதவியின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்பது சொல்வள ஆய்வாளர் போல் நேஷனின் (Paul Nation) மதிப்பீடு. நாளுக்கு ஒன்றாகக் கற்றால் எட்டாயிரத்துக்கு ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகும். ஐந்தாகக் கற்றாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஆகவே அதிகம் வழங்கும் சொற்களுக்கே முதலிடம் தரவேண்டும். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியலும், அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த 570 கல்விசார் சொற்குடும்பங்களும் இந்நோக்கில் அமைந்தவை. கொப்பிகளிலோ அரிய சொற்களுக்கே மவுசு. இலங்கையில் ஆங்கிலத்தைச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள், என்று வழங்குவதை மொழியியலாளர் திரு கந்தையா (Thiru Kandiah) 1984இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். வாளாகக் கருதப்படும் மொழியில் பளபளப்பான சொல்லை நாடுவது வியப்பன்று, பயன்தான் குறைவு.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற அமைப்பும் இடறுகிறது. 'ஹெவி' என்பதற்குப் 'பாரமான' என்று மட்டும் எழுதியவர், பலத்த மழையைக் குறிக்க 'ஸ்ட்ரோங் ரெயின்' என்றே எழுதுவார். ஆங்கிலத்தில் வழங்குவதோ 'ஹெவி ரெயின்'. காலி வீதியின் வாகன நெரிசலுக்கும் அதே 'ஹெவி'தான். இவ்வாறு சொற்கள் வழக்கில் சேர்ந்து வரும் இயல்பு சொல்லிணைவு எனப்படும். சொல்லை அது வந்த தொடரோடும் மீட்டவேண்டிய திகதிகளோடும் குறித்தால் நாளுக்கு மூன்று சொற்களுக்கு மேல் எழுத நேரம் போதாது. எண்ணிக்கை குறைவதால் பலர் இதனை விரும்புவதில்லை. அப்படி எழுதினாலும் உச்சரிப்பும், பேசும்போது சொல் உடனே நாவில் வரும் வேகமும் கொப்பியால் கிட்டுவதில்லை. அவற்றுக்கு எதிரே இருந்து பேச ஒருவர் வேண்டும்.