கிளைக்கதையிற் கண்ட போசள நாடு

பெருங்காப்பியங்களிலே கிளைக்கதைகள் அமைந்திருத்தலைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். மின்திரையில் ஆடப்படும் நெடுங்கதை விளையாட்டுக்களும் இம்மரபைத் தம்மையறியாமலே மேற்கொண்டுள்ளன. அமெரிக்காவிலுள்ள நோட்டி டோக் நிறுவனத்தார் 2016 இல் ‘அன்சார்ட்டட்’ வரிசையின் நான்காம் விளையாட்டை வெளியிட்டனர். அதற்கோர் இணைப்பாகத் தொடங்கித் தனிக்கதையாக வளர்ந்து, 2017 ஆகஸ்டில் வெளிவந்தது ‘லொஸ்ட் லெகசி’. இழந்த மரபுரிமை என்பது அப்பெயரின் பொருள். ஒன்பது இயல்களைக் கொண்ட இக்கிளைக்கதை ஏழெட்டு மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்கது. இதன் களம் இந்தியா; இதில் தேடப்படும் பொருளோ பிள்ளையாரின் தந்தம். ஆதலின் வெறும் பொழுதுபோக்கென்று இதனை ஒதுக்குதல் பொருந்தாது.

கதைத் தலைவி குளோயி பிரேசர் இந்தியத் தந்தையின் மகள். தந்தை தேடிச் சென்று உயிர் துறந்த அத்தந்தத்தை நாடி, நடீன் றோஸ் என்பாளைத் துணைக்கொண்டு அவள் மேற்குத் தொடர்ச்சி மலையுட் புகுகிறாள். நான்காம் இயலில் ஆடுவோர் தாம் விரும்பிய திசையில் ஜீப் வண்டியைச் செலுத்தலாம். எக்கோட்டையை முதலில் அடைவதென்பதும் அவரவர் விருப்பமே. இறுதியில் ஓடும் புகைவண்டியின் மேல் நிகழும் போர் நம்பத்தக்கதன்று. எனினும் அது குற்றமுமன்று. பரணியிலே பேய்கள் கூழ் அடுதலைப் படிப்போர் மெய்யென்று மயங்குவதில்லை. மிகையென அறிந்தே மகிழ்கின்றனர். வீரத்திற்கு உயர்வு நவிற்சி அணியே ஆகும்.

குறை பிறிதோரிடத்தில் உளது. விளையாட்டின் போசளநாடு பேரருவிகளும் மலையொத்த சிலைகளும் நிறைந்து, காட்டில் மறைந்து கிடக்கும் பாழ்நகர். மெய்யான பேலூரும் ஹளேபீடும் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், வயல்களும் ஊர்களும் சூழ்ந்த மேட்டுநிலத்தில் உள்ளன. விட்டுணுவர்த்தனன் காலத்தில் 1117 இல் எழுந்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. 2023 இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விரண்டிடத்துக் கோயில்களையும் சோமநாதபுரத்துக் கோயிலையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இக்கோயில்களின் பெருமை உயரத்தாலன்று, நுண்மையாலேயே அமைந்தது. மென்மையான மாக்கல்லில், பொற்கொல்லன் அணிகலன் செய்வது போலச் சிற்பிகள் உளி நடத்தினர். ஹளேபீட்டுச் சுவரின் அடியில் வரிசையாகச் செல்லும் யானைகளைக் காண்பவன் குனிந்தே காணவேண்டும். விளையாட்டோ அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. போசளர் கலையின் உயிர்நிலை அங்கே தவறிவிடுகிறது.

புராணத்தை ஆண்ட முறையோ பாராட்டத்தக்கது. பரசுராமர் எறிந்த மழு தம் தந்தையாகிய சிவபிரான் அளித்தது என்பதை உணர்ந்த பிள்ளையார், அதனைத் தடுக்காது தந்தத்தில் ஏற்றார் என்பது வரலாறு. வியாசர் சொல்லப் பாரதம் எழுதியதற்கு ஒடித்த கொம்பென்றும், கயமுகாசுரன் மேல் எறிந்த கொம்பென்றும் கேட்டுப் பழகிய தமிழர்க்கு இக்கதை சற்றுப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் தந்தையை இழந்த மகள் ஒருத்தியின் கதைக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை.

தேடிப்பெற்ற தந்தத்தை விற்றுப் பொருளீட்டாது, இந்தியப் பண்பாட்டு அமைச்சிடம் சேர்ப்பதென முடிவு செய்தலும் நன்றே. ஆனால் அம்மரபுரிமைக்கு உரியவர் யாவர்? தொடக்கத்தில் ஒரு கடைத்தெருவும் மீனு என்னும் சிறுமியும் தோன்றுகின்றனர். மலையுட் புகுந்தபின் துப்பாக்கி ஏந்திய பகைவரன்றி ஊரார் ஒருவரும் இலர். விளக்கேற்றுவாரும் இலர், உழுவாரும் இலர். இடிபாட்டிற் சிக்கிய யானை ஒன்றைத் தோழியர் விடுவித்து அதன்மேல் ஏறிச் செல்லும் காட்சி இனிது. எனினும் யானையோடு அன்றாடம் வாழும் குடியானவன் அங்கில்லை.

பிள்ளையார்க்கு உகந்த அறுகின் பெயரை நினைவூட்டும் அறுகம்பேயின் அயலில் வாழ்வோர்க்கு இக்குறை எளிதிற் புலனாகும். அலைச்சறுக்கலுக்கு வரும் பயணியின் கண்ணுக்கு அங்கே அலை தோன்றுகிறது. பொத்துவில் மீனவனின் வலை தோன்றுவதில்லை. லகுகலைக் காட்டு யானையைப் படம் பிடிப்பவன், அதே யானை மிதித்த வயலின் வரப்பில் நிற்கும் உழவனைக் காண்பதில்லை. ஓரிடத்தை அழகென்று போற்றியே அதன் மக்களை மறைத்துவிடுதலும் கூடும் என்பதற்கு இவ்விளையாட்டு நல்ல சான்று.

இதனை ஆடுதல் தீதன்று. ஆடும் மாணவர் பேலூர்ச் சிற்பங்களின் படங்களையேனும் அருகில் வைத்து ஒப்புநோக்குவாராயின், கலைஞர் மிகைப்படுத்தியது எது, காணாது விட்டது எது என்பதைத் தாமே உணர்வர்.