பகல் கனவின் இரண்டாம் நாள்

பிறருடைய வகுப்பறைக்குள் அயலவராக நுழைவோர் யாவரும் படிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. ஜிஜுபாய் பத்தேகா குஜராத்தி மொழியில் எழுதி, 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘திவாஸ்வப்னம்’ என்னும் அந்நூல், ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, 1920ஆம் ஆண்டில் பாவ்நகரில் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவியவர் அவர். ‘மீசை வைத்த அம்மா’ என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். கல்வியில் அக்கறை கொண்டோரில் இந்நூலைப் பாராட்டாதவர் குறைவு. ஆயினும் நாம் பாராட்டுவது அதன் உயிரான பகுதியைத்தானா என்பதே என் ஐயம்.

கதை எளியது. கல்விக் கொள்கைகளைக் கற்றுத் தேர்ந்த ஒருவர், கல்வி அதிகாரியிடம் வேண்டி, தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குப் பெற்றுக்கொள்கிறார். முதல் நாள், தாம் நூல்களில் படித்த அமைதி விளையாட்டோடு வகுப்பைத் தொடங்குகிறார். பிள்ளைகளோ கூச்சலிட்டுக் கேலி செய்கிறார்கள். வீட்டில் வகுத்த திட்டம் யாவும் சிதறிப்போக, அவர் வகுப்பையே கலைத்து விடுகிறார். தலைமை ஆசிரியரின் கண்டனம் வேறு வந்து சேருகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். முந்தைய நாள் அடங்காத அதே பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்கிறார்கள்.

இதைப் படிக்கும் பெரும்பாலோர் கதையின் ஆற்றலை வியந்து, ‘கதை சொன்னால் வகுப்பு வசப்படும்’ என்று முடிவு கட்டுகின்றனர். நூலை ஓர் உத்திக் கையேடாகச் சுருக்கும் வாசிப்பு இது. என் கணிப்பில் அங்கே மாற்றத்தை விளைவித்தது கதை மட்டுமன்று. தோற்றுப்போன மனிதர் மறுநாளும் அதே வாயிலில் வந்து நின்றதே முதற்காரணம். முதல் நாளில் பிள்ளைகள் சோதித்தது அவருடைய திறமையை அன்று. அவர் நிலைத்திருப்பாரா என்பதைத்தான்.

இவ்வாறு கருத எனக்கு அடிப்படை உண்டு. பங்குப் பள்ளிகளில் ஆசிரியர் விடுப்பில் சென்றால், அந்த நாளைத் தாளாளரான பங்குத்தந்தையே நிரப்புவதுண்டு. நானும் பல முறை மூன்றாம், நான்காம் வகுப்புகளில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்திருக்கிறேன். கணக்கோ பாட்டோ எதைச் செய்தாலும், மாலையில் பைகளைத் தோளில் மாட்டும்போது ஏதேனும் ஒரு குழந்தை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நாளைக்கும் நீங்க வருவீங்களா, பாதர்?” நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. லாரி ஓட்டியும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணற்று வண்டியோடும் வடமாநிலங்களுக்குச் சென்று, மாதக்கணக்கில் திரும்பாத தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். போகிறவர்களை அவர்கள் நன்கறிவார்கள். திரும்பி வருகிறவரையே நம்புவார்கள்.

ஜிஜுபாயின் நூலில் குறை இல்லாமலில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பிரம்பையும் பாடத்திட்டத்தையுமே நம்புகிறவர்களாக வந்து போகிறார்கள். சோதனை செய்பவருக்கோ அதிகாரியின் ஆதரவும் ஓராண்டுக் கால உறுதியும் உண்டு. அந்த உறுதி எத்துணைப் பெரிய செல்வம் என்பதை ஆசிரியர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அச்செல்வம் இன்றி வகுப்பறைக்குள் அனுப்பப்படுவோர் இன்று பலர். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால், வேறொரு பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் வருகிறார். அவர் விட்டு வந்த வகுப்பு அன்று அநாதையாகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே தற்காலிகமாக நிரப்ப முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் குறிக்கப்பட்ட மாத ஊதியம் 7,500 ரூபாய். பின்னர் அது 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊதியத்தினும் கொடியது நிலையாமை.

அரசைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்ட வேண்டும். நம் நிர்வாகங்களிலும் குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்காண்டு மாறும் ஆசிரியர்கள் இல்லையா? யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம், ஆடுகள் தன்னுடையவை அல்ல என்பதால் ஓநாயைக் கண்டதும் ஓடிவிடும் கூலியாளைக் காட்டுகிறது. ஆயனோ தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இப்பகுதியை நாம் ஆசிரியர்களுக்கே போதிக்கிறோம். ஆனால் ஓடாமல் நிற்க விரும்புகிறவரை ஆண்டு முடிவில் நாமே வெளியே அனுப்பிவிட்டு, அவரிடம் ஆயனின் உள்ளத்தை எதிர்பார்ப்பது எவ்வகை நீதி? நாற்பது பெயர்களையும் அவற்றின் பின்னுள்ள வீடுகளையும் ஒருவர் அறிந்துகொள்வதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறதே!

இங்கே இத்தாலியின் லொரென்சோ மிலானி அடிகளாரை நினைக்கிறேன். 1954ஆம் ஆண்டின் இறுதியில், பார்பியானா என்னும் ஒதுக்குப்புற மலைச் சிற்றூருக்கு அவர் அனுப்பப்பட்டார். வந்து சேர்ந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறையில் தமக்கென ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார். பள்ளிகள் தள்ளிவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குப் பிறகு அவர் கற்பித்தவை யாவும் அந்த ஒரு செயலின்மேல் எழுந்தவையே. அவருடைய மாணவர்கள் 1967இல் எழுதிய, ஆசிரியைக்கான கடிதம் உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டே அவர் மறைந்தார். வாங்கிய இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்று, அக்கல்லறையின் முன் செபித்தார்.

மிலானி கல்லறை இடம் வாங்கியதும், ஜிஜுபாயின் ஆசிரியர் மறுநாள் திரும்பி வந்ததும் ஒரே பாடத்தின் இரு வடிவங்கள். எல்லாரும் மிலானி ஆக வேண்டியதில்லை. ஆனால் பள்ளி நடத்தும் நாம், ஓர் ஆசிரியரை வகுப்பறைக்குள் அனுப்பும்போது, பிள்ளைகளுக்கு அவரால் இரண்டாம் நாளையும், கூடுமானால் இரண்டாம் ஆண்டையும், உறுதியளிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில், சுற்றுச்சுவருக்கும் நுழைவாயில் வளைவுக்கும் நிதி ஒதுக்கும் முன், இக்கேள்வியை யாரேனும் ஒருவர் எழுப்பட்டும். ‘பகல் கனவு’ அப்போதுதான் நம்மிடையே உண்மையாக வாசிக்கப்பட்டதாகும்.