பாட்டியின் பெயர்

என்னிடம் இளங்கலையில் பொதுத்தமிழ் படித்த மாணவி ஒருத்தி, பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவாள். பிறகு முதுகலை ஆங்கிலம் முடித்து, ஆவடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஆள் அனுப்பும் முகவர் அவளது பயோடேட்டாவில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார்: 'பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிக் கல்வி.' "மறைக்கிறதும் பொய்தானா மேம்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் நான் அன்னா லியோனோவென்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்னாவை நம்மில் பலருக்குச் சினிமா வழியாகத்தான் தெரியும். 1956இல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர், 1999இல் வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்தில் ஜோடி ஃபாஸ்டர். விரிந்த பாவாடையும் நிமிர்ந்த கழுத்துமாக, சயாம் மன்னர் மோங்குட்டுக்கே புத்தி சொல்லும் வெள்ளைக்கார டீச்சர். தாய்லாந்து இரண்டு படங்களையும் தடைசெய்தது.

தான் 1834இல் வேல்ஸில் பிறந்ததாகவும், கணவர் ராணுவ அதிகாரி என்றும் அன்னா சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் பிறந்தது 1831இல், நம் மகாராஷ்டிரத்து அகமத்நகரில். அப்பா கம்பெனிப் படையில் சார்ஜென்ட். மகள் பிறக்கும் முன்பே இறந்துபோனார். கணவர் தாமஸ் ஓவென்ஸ் ஒரு கிளார்க். 1859இல் பினாங்கில் இறந்தார். அம்மாவைப் பெற்ற பாட்டி இந்தியப் பெண்ணாகவோ கலப்பினப் பெண்ணாகவோ இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அன்னா 1915இல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இதெல்லாம் வெளியே வந்தது. 2008இல் சூசன் மார்கன் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பே 'பாம்பே அன்னா'.

கையில் இரண்டு குழந்தைகளோடு நின்ற இளம் விதவை அவர். சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்தினார். 1862இல் மோங்குட் தன் மனைவியருக்கும் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடினார். மதமாற்றம் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அகமத்நகர் சார்ஜென்ட் மகளை, கறுத்த பாட்டியின் பேத்தியை, அந்த வேலைக்கு யார் சிபாரிசு செய்திருப்பார்கள்? பிறப்பை மாற்றிச் சொன்னதை என்னால் குற்றமாகப் பார்க்க முடியவில்லை.

என் சண்டை அவருடைய எழுத்தோடுதான். 1870இல் 'சயாம் அரசவையில் ஆங்கில ஆசிரியை' என்ற பொருள்படும் நூலையும், அதைத் தொடர்ந்து அந்தப்புரப் பெண்களைப் பற்றி இன்னொரு நூலையும் எழுதினார். கவனித்து எழுதும் இடங்களில் அன்னா பிரமாதம். காவலர்களும் நீதிபதிகளும்கூடப் பெண்களாகவே இருக்கும், பெண்களே நிர்வகிக்கும் ஒரு நகரத்தைக் காட்டுகிறார். ஆனால் கதை சூடுபிடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்கள் சாட்டைக்கும் விலங்குக்கும் காத்திருக்கும் பாவங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அவர் எழுதிய நிலத்தடிச் சிறை, தண்ணீர் ஊறும் பாங்காக் மண்ணில் இருந்திருக்கவே முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். சினிமாவோ நீதிபதிப் பெண்களை விட்டுவிட்டு, பாவப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. டீச்சர் உயர வேண்டுமென்றால் மாணவிகள் குனிந்திருக்க வேண்டுமே.

அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது 1884இல் வந்த அவரது இந்தியப் பயண நூல். பிறந்து வளர்ந்த மண்ணைக் கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய ஆங்கிலேயப் பெண்ணின் வியப்போடு எழுதுகிறார். தெரிந்த தெருவைத் தெரியாததுபோல் வர்ணிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும்! அக்கா எலைசாவின் குடும்பத்தோடும் தொடர்பை அறுத்துக்கொண்டார். (அந்த அக்காவின் பேரன்தான் 1931இன் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப். அதுவும் புனைபெயர்தான், சொந்தப் பெயர் பிராட்.)

எனக்கு அம்பத்தூரில் ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்தவர் ஓர் ஆங்கிலோ இந்திய மிஸ். தெருவில் அவரைச் 'சட்டைக்காரி' என்பார்கள். அவருடைய ஆங்கிலம் வேண்டும், அவர் கவுன் கேலிக்கு. பிறகு மகளோடு பெர்த்துக்குப் போய்விட்டார். அன்னாவும் கணவரோடு சில வருடம் பெர்த்தில் இருந்தவர்தான் என்று படித்தபோது அந்த மிஸ்ஸின் முகம் வந்துபோனது.

அன்னா பிற்காலத்தில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தார். 1887இல் அங்கே ஓவியப் பள்ளி தொடங்கியவர்களில் ஒருவர். பெண்ணிய வரலாறு அவரை முன்னோடி என்று சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படிச் சேர்க்கும்போது அந்தப் பாட்டியையும் உள்ளே அழைக்காவிட்டால், அன்னா செய்ததையே நாமும் செய்கிறோம்.

அன்னாவின் காலம் முடிந்துவிட்டதா? தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. வணிக ஒப்பந்தம் ஒன்றின் வழியாக இந்தியருக்கு ஒரு சின்னக் கதவு திறந்தது. அதிலும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் ஏதோ ஒரு பட்டமும் போதும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகளுக்குக் கீழே மாலை நேரத்தில் கூடும் பெண்களுக்கு இது தெரியாது. இலக்கணம் சரியாக வந்துவிட்டால் போதும் என்று நம்பிப் பணம் கட்டுகிறார்கள்.

மாணவி மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் இருக்கிறாள். அடித்த வரி அடித்தபடியேதான் போனது. வீட்டுக் கடன் அப்படி. அன்னாவின் கதையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரே கேள்வி: "அந்தப் பாட்டி பேரு என்ன மேம்?"

தாத்தா கிளாஸ்காட் பம்பாய்ப் படையில் லெப்டினன்ட் என்பது வரை தெரிகிறது. பாட்டியின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.