பூதத்தை எழுப்பியவர் யார்?

பூதத்தைக் காட்டுவதாகக் கூறிக் காசு வாங்கியவன் பூதத்தைக் காட்டியே தீரவேண்டும். 2014ஆம் ஆண்டில் ஹொலிவூட் வெளியிட்ட ‘கொட்ஸில்லா’ திரைப்படத்தைக் கண்ட இரசிகர் பலரும் இவ்வாறே வாதித்தனர். அவர்தம் குறையில் நியாயமில்லாமலில்லை. முன்னோட்டங்களில் பிரயன் கிரான்ஸ்ரன் என்னும் நடிகரின் முகமும் குரலுமே மேலோங்கி நின்றன. படத்திலோ அவரது பாத்திரம் பாதிக் கதை நகருமுன்பே இறந்துபோகிறது. படத்துக்குப் பெயர் தந்த விலங்கோ, இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடங்கூடத் திரையில் இல்லை.

உழைத்துச் சேர்த்த காசில் நுழைவுச்சீட்டு வாங்கியவனது ஏமாற்றம் அற்பமானதன்று. எனினும் அதனை நிமிடக்கணக்கால் அளந்துவிட்டு அமைவது விமர்சனமாகாது. விளம்பரம் எதனை மிகைப்படுத்திற்று என்பதோடு, எதனை மறைத்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். கடலிலிருந்து எழுந்த அழிவைக் கண்ணாற் கண்ட திருகோணமலைத் துறைமுகப் பகுதி மக்களுக்கு இவ்வினா வெறும் படமாளிகை விவகாரமன்று.

இப்பூதம் பிறந்த கதையை முதலில் நோக்குவோம். 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே நின்ற யப்பானிய மீன்பிடிக் கப்பலொன்றின்மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. ‘அதிர்ஷ்ட நாகம்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அக்கப்பலில் இருந்தோர் 23 பேர். அதன் வானொலித் தொடர்பாளர் அவ்வாண்டு செப்டெம்பரில் உயிர்நீத்தார். நவம்பர் 3ஆம் நாள் இஷிரோ ஹொண்டாவின் ‘கொட்ஸில்லா’ யப்பானில் திரைக்கு வந்தது. அதன் தொடக்கத்திலும் கடலில் ஓர் ஒளி வெடிக்கிறது. ஒரு கப்பல் எரிகிறது. திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் கடலை நம்பி வாழ்வோருக்கு இக்காட்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படத்தில் பாராளுமன்றக் காட்சியொன்று உண்டு. பூதத்தின் தோற்றத்துக்கும் குண்டுப் பரிசோதனைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டால் வெளிநாட்டுறவு கெடும் என்று ஓர் உறுப்பினர் தடுக்கிறார். உண்மையை மக்களுக்கு அறிவித்தே தீரவேண்டும் எனப் பெண் உறுப்பினர் வெகுண்டெழுகின்றனர். உண்மையை மறைப்பதும் வெளிப்படுத்துவதுமே அப்படத்தின் பிரச்சினை. அதற்கே பின்னர் நேர்ந்த கதியை என்னென்பது!

1956இல் அமெரிக்க விநியோகத்தர்கள் இப்படத்தை வெட்டி ஒட்டி, ‘பூதங்களின் அரசன்’ என்ற பட்டத்தையும் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பினர். 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருங்கியது. ரேமன்ட் பேர் நடித்த அமெரிக்க நிருபர் பாத்திரமொன்று புதிதாகப் புகுத்தப்பட்டது. குண்டைப் பற்றிய குறிப்பு முற்றாக அழிக்கப்பட்டது எனல் பொருந்தாது. ஆயினும் நாகசாகியில் உயிர்தப்பிய பெண்ணின் பேச்சு போயிற்று. பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பூதம் தோன்றலாம் என்று முதிய விஞ்ஞானி இறுதியில் விடுக்கும் எச்சரிக்கையும் போயிற்று. அதனிடத்தில், ஆபத்து நீங்கியது, உலகம் நிம்மதியாக வாழலாம் என்ற பொருள்படும் நிருபரின் ஆறுதல் வந்து அமர்ந்தது. எச்சரிக்கையை ஆறுதலாக மாற்றியபின் எஞ்சுவது கட்டடங்களை நொறுக்கும் விலங்கு மட்டுமே. விளம்பரம் விற்க விரும்பியதும் அதுவேயன்றோ?

2014ஆம் ஆண்டுப் படம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அணுகுண்டை ஆக்கிய ஒப்பன்ஹைமரின் குரலையே அதன் ஆரம்ப முன்னோட்டமொன்றில் ஒலிக்கவிட்டனர். குண்டின் குற்றத்தைப் படம் விசாரிக்கும் என்று எதிர்பார்த்தவர் எவரையும் நாம் பேதையர் எனல் இயலாது. ஆனால் படம் சொன்னது யாது? பசிபிக்கில் வெடித்தவை பரிசோதனைகள் அல்ல, பூதத்தைக் கொல்வதற்கான முயற்சிகள் என்பதே! குண்டு பூதத்தை எழுப்பியது போய், பூதத்துக்கு அஞ்சிக் குண்டு வெடித்ததாகக் கதை தலைகீழாயிற்று. அணு உலை சரிவதற்கும் இன்னொரு விலங்கே பொறுப்பு. மனிதர் எவரும் குற்றவாளியல்லர். பத்து நிமிடப் பூதத்துக்காகக் கொதித்த இரசிகர் கொதித்திருக்க வேண்டிய இடம் இதுவே.

மூலப்படமும் குறையற்றதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அன்றே பிரித்தானியரின் ‘ஹேர்மிஸ்’ கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. அழிவை அனுப்பியது ஒரு பேரரசு. அதனை இங்கே ஈர்த்தது இன்னொரு பேரரசின் கடற்படைத்தளம். டோக்கியோவின் துயரைப் பாடிய ஹொண்டாவின் படம், அந்நகரிலிருந்து புறப்பட்ட ஆக்கிரமிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாக் காட்டினுள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பூதங்கள் தாமாக எழுவதில்லை என்பதற்கு இத்துறைமுகம் வைத்திருக்கும் சாட்சி அவை.

எனவே நம் ஆசிரியர்களுக்கும் மாணவர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1954ஆம் ஆண்டுப் படத்தையும் 1956ஆம் ஆண்டுப் பதிப்பையும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். எந்தக் காட்சி வெட்டப்பட்டது, அந்த வெட்டினால் பயனடைந்தவர் யார் என்று மாணவரைக் கணக்கெடுக்கச் செய்யுங்கள். அப்பயிற்சி பெற்றவன் அடுத்த சுவரொட்டியின் முன் நிற்கையில், பூதம் எவ்வளவு பெரிது என்று வியப்பதோடு நின்றுவிடமாட்டான்.