முன்னொட்டு உதிர்ந்தால் மொழி சிதைந்ததாகுமா?

முத்தையாபுரம் முதல் காயல்பட்டினம் வரையுள்ள நம் கரையினர்க்குக் கொழும்பு தோணி வழியே பழகிய ஊர். அங்குள்ள முஸ்லிம்களுள் மலாய் பேசுவோரும் உண்டு. அவர்கள் ஒல்லாந்தர் காலத்தில் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட படைவீரர், நாடுகடத்தப்பட்டோர் ஆகியோரின் வழியினர். அவர்தம் பேச்சைச் 'சிதைந்த மலாய்' என்பர் சிலர். அத்தீர்ப்பு ஆராயத்தக்கது.

தீர்ப்புக்குக் காட்டப்படும் சான்று முன்னொட்டுப் புணர்ச்சி. எழுத்து மலாயில் 'துலிஸ்' (எழுது) என்பது முன்னொட்டேற்று 'மெனுலிஸ்' ஆகும். 'புகுல்' (அடி) 'மெமுகுல்' ஆகும். 'கிரிம்' (அனுப்பு) 'மெஙிரிம்' ஆகும். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. தமிழில் வல்லினம் நிற்க, மெல்லினம் அதற்கு இணங்குகிறது. மலாயிலோ வல்லினம் மறைய, அதன் இனமெல்லினம் நிற்கிறது.

இலங்கைப் பேச்சில் இம்முன்னொட்டு வழங்குவதில்லை. ஆயின், அவ்விடம் வெறுமையாகவும் இல்லை. 'முடிந்தது' எனப் பொருள்படும் 'சுடாஹ்' தேய்ந்து 'சு' என்னும் இறந்தகால முன்னொட்டாயிற்று. 'சுதுலிஸ்' என்றால் 'எழுதினான்'. இங்கே தகரம் மறையவில்லை. 'பிறகு' என்னும் 'நந்தி' முதலெழுத்தை இழந்து 'அந்தி' என எதிர்காலம் காட்டுகிறது. 'வந்துவிட்டான்' நம் வாயில் 'வந்துட்டான்' ஆவதும் இத்தகைய தேய்வே. பெயர்களோ, தமிழிலும் சிங்களத்திலும் போலவே, பின்னொட்டால் வேற்றுமை பெறுகின்றன: 'கண்டிநங்' கண்டிக்கு, 'கண்டிக' கண்டியில்.

தமிழ் முஸ்லிம்களோடு கொண்ட மணவுறவே இம்மாற்றத்துக்கு வழிகோலியது என்பது பி. ஏ. ஹுசைன்மியா முதலியோர் கருத்து. சிங்களத்தின் பங்கை வலியுறுத்துவோரும் உளர். எவ்வாறாயினும், அறியாமையால் நேர்ந்த சிதைவு என்பது பொருந்தாது. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் நடத்திய 'ஆலமத் லங்காபுரி' இதழ், அரபெழுத்தில், இலக்கிய மலாயிலேயே வெளிவந்தது. எழுத்துக்கு ஒரு வழக்கு, பேச்சுக்கு ஒரு வழக்கு என இரண்டையும் ஆண்ட சமுதாயம் அது.

செபஸ்தியன் நோர்ட்ஹோஃப் 2009இல் வெளியிட்ட மலைநாட்டு இலங்கை மலாய் இலக்கணத்தின் சிறப்பு, இப்பேச்சை அதன் சொந்த விதிகளாலேயே விளக்குவதாகும். கோலாலம்பூர் வழக்கைக் கற்பித்து இதனைத் 'திருத்த' முனைவோர் அந்நூலைக் கருத வேண்டும். வீட்டு மொழியைப் பிழையென்று கேட்டு வளரும் பிள்ளை அதனைத் திருத்திப் பேசாது, பேசுவதையே விட்டுவிடும். நம் இல்லத்துத் தமிழைக் 'கொச்சை' என்று பிறர் நகைக்கக் கேட்ட நாம், அதே சொல்லை அயலார் மேல் எறிதல் தகாது.